பீகார் முதலிடம் பிடித்த காலை

எந்த மாநிலத்தை வேண்டுமானாலும் எந்த மாநிலத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒப்பிடுகிற நேரத்தில், கடைசியாக வருகிறவனின் தாயார் அந்த அறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை நான் படித்த எந்தப் பொருளாதாரப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. (சொல்லியிருந்தாலும், பரீட்சைக்கு வராது என்று அந்தப் பக்கத்தை விட்டிருப்பேன்.)

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். திருநெல்வேலிக்கு வெளியே, பாளையங்கால்வாய் ஓரமாக இருந்த ஒரு கல்லூரியில் நான் பொருளாதாரத் துறையின் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால் கொஞ்ச நாள் வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நிரந்தரமாக இருப்பவர்கள் செய்ய விரும்பாத வேலைகளை நிரந்தரமாகச் செய்கிறவனுக்குத்தான் அந்தப் பெயர். முதல் மணி வகுப்பு எனக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வகுப்பும் எனக்கு. விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தின் முடிவில் கயிறு பிடிப்பதும் நான்தான். அந்த வயதில் மற்றவர்கள் காதலித்தார்கள். நான் கொட்டாவி விட்டேன்.

அந்த வருஷம் கல்லூரிக்கு வெள்ளிவிழா. துறைக்கு ஒரு காட்சி வைக்க வேண்டும் என்று உத்தரவு. வேதியியல்காரர்கள் கலர் கலராகப் புகை விடுவார்கள். விலங்கியலில் பாட்டிலுக்குள் பாம்பு இருந்தது. பொருளாதாரத்தில் என்ன இருக்கிறது? அட்டவணை இருக்கிறது. அட்டவணையைப் பார்க்க வரிசையில் நிற்கும் மக்கள் உலகத்தில் எங்கேயும் இல்லை.

எங்கள் துறைத்தலைவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றியபடி என்னைப் பார்த்தார்.

"நம்மகிட்ட என்னவே இருக்கு காட்டுததுக்கு?"

நான் அப்போது மாநிலங்களின் நல்வாழ்வை அளந்து ஒப்பிடும் ஆராய்ச்சியில் கழுத்து வரை மூழ்கியிருந்தேன். எந்த மாநிலத்தில் வருமானம் அதிகம், எங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம், எங்கே பிறந்த குழந்தைகள் பிழைக்கின்றன, எங்கே மனிதர்கள் கூடுதல் வருஷம் வாழ்கிறார்கள். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, வரிசைகளைக் கூட்டி, ஒரே வரிசையாக்குவது. இந்த வரிசை வெளியே வந்தால் நாடு திருந்திவிடும் என்று மனதார நம்பினேன். (சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் எனக்குத் தலை நிறைய முடியும் இருந்தது.)

"மாநிலங்களையே நிறுத்திக் காட்டலாம் சார்" என்றேன்.

யோசனை இதுதான். குரூப் போட்டோ எடுக்கும்போது மாணவர்களை ஏற்றி நிறுத்துகிற மரப்படிகள் கல்லூரியில் இருந்தன. ஒவ்வொரு மாணவனும் ஒரு மாநிலம். மார்பில் குறுக்காக மாநிலத்தின் பெயர் எழுதிய ரிப்பன். நான் மைக்கில் 'தனிநபர் வருமானம்!' என்று சொல்லி விசில் ஊதினால் மாநிலங்கள் வருமானத்தின்படி படியேறி நிற்கும். 'எழுத்தறிவு!' என்று ஊதினால் கலைந்து வேறு மாதிரி நிற்கும். பஞ்சாப் இறங்கும், கேரளம் ஏறும். இந்தியாவே கண்முன் ஏறி இறங்கும்.

துறைத்தலைவர் கொஞ்ச நேரம் மென்றார். "தமிழ்நாடு எங்கன நிக்கும்?"

"வருமானத்துல நடுவுல. மத்ததுல கொஞ்சம் மேல."

"அது போதாதுவே. காலேஜ் செக்ரட்டரி அண்ணாச்சி வாராரு. மொதல்ல நிக்கணும்."

"வர்றபடிதானே சார் வரும்."

"வாரபடி வந்தா நாம எதுக்கு இருக்கோம்? தமிழ்நாடு மொதல்ல வாரமாதிரி ஏதாவது ஒண்ணச் சேரும். கோயில் கோபுரத்த எண்ணும்."

கோபுரத்தை நல்வாழ்வின் அளவுகோலாக ஏற்க முடியாது என்று நான் வாதாடினேன். கடைசியில், குக்கிராமத்துக்கும் பஸ் போவதைச் சேர்க்கலாம் என்று சமாதானமானோம். பஸ்ஸில் தமிழ்நாடு ஒரு சுற்று மேல்படியில் நிற்கும். அவர் திருப்தியாகி, வெற்றிலையைத் துப்பப் போனார். போகும்போதே திரும்பி, "இது நல்லபடியா முடிஞ்சா ஒம்ம நிரந்தரம் விஷயத்தப் பைய அண்ணாச்சிகிட்டப் பேசுதேன்" என்றார். மெதுவாக என்று அர்த்தமுள்ள அந்தப் 'பைய' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்த சில வாரங்கள் ஓடினேன்.

மாநிலங்களைப் பங்கிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தமிழ்நாடு வேண்டும் என்று வகுப்பே கை தூக்கியது. அது துறைத்தலைவரின் அக்கா மகனுக்குப் போயிற்று. கேரளத்துக்குச் சாத்தான்குளத்துச் செல்வின். கைப்பந்து விளையாடுகிறவன், நல்ல உயரம், மீசையும் இருந்தது. தலையில் துண்டு கட்டத் தெரிந்தவன் பஞ்சாப். பீகாரை மட்டும் யாரும் வாங்கவில்லை. காரணம், என் கணக்கில் பீகார் எல்லாச் சுற்றிலும் கடைசி. கடைசி என்றால் கடைசிப் படி கூட இல்லை. படி போதாமல் போனதால் தரை.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சிவசைலம் என்ற பையனைப் பிடித்தேன். வகுப்பில் பேசவே மாட்டான். இருப்பதும் இல்லாததும் தெரியாது.

"ஏலே சிவசைலம், உனக்குத்தான் எல்லாத்தையும்விட லேசான வேலை. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நின்ன இடத்துல அசையாம நிக்கணும்."

"சரி சார்" என்றான். அவன் முகத்தில் தெரிந்தது சந்தோஷம் என்று நான் அப்போது கவனிக்கவில்லை. ஊருக்குப் போய், காட்சியில் தனக்கு முக்கியமான பாத்திரம் என்றும், எல்லாரும் ஓடும்போது தான் மட்டும் அசையாமல் நிற்க வேண்டியிருப்பதாகவும் அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவன் தாயார் அதைக் கேட்டு ஏதோ சாமி வேஷம் என்று நினைத்துவிட்டார்.

ஒத்திகை என்னைப் பிழிந்து எடுத்தது. வருமானத்தில் பஞ்சாப் மேலே போவது எல்லாருக்கும் புரிந்தது. 'குழந்தை இறப்பு' என்றதும் குழப்பம். செல்வின் கை தூக்கி, "சார், சாவு கம்மியா இருந்தா மேலயா, கீழயா?" என்றான்.

"மேல."

"கூட இருந்தா?"

"கீழ."

"அப்ப நாம சொல்லுத நம்பரு கொறஞ்சா ஆளு ஏறணும். எழுத்தறிவுல நம்பரு கூடுனா ஆளு ஏறணும். அப்படித்தானே சார்?"

"அப்படித்தான்லே."

"எதையாவது ஒண்ண முடிவு பண்ணுங்க சார்" என்றான் பஞ்சாப், துண்டை அவிழ்த்து முகம் துடைத்தபடி.

விழா நாள் வந்தது. காலையிலேயே வெயில் முதுகில் அறைந்தது. தலைமை விருந்தினர் ஒரு வங்கியின் மண்டல மேலாளர், மிஸ்ரா என்று பெயர். சமீபத்தில்தான் பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். பம்பாயிலிருந்து வந்தவர் மராட்டியர்தானே என்று நான் தீர்மானித்து, மகாராஷ்டிரத்தை அழைத்து, "அவர் வந்ததும் நீ முன்னால வந்து கும்பிடு போடணும்" என்று பழக்கி வைத்திருந்தேன். மிஸ்ரா என்ற பெயர் மராட்டியில் உண்டா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். இந்தியாவையே வரிசைப்படுத்தியவனுக்கு ஒரு பெயர் எந்த ஊருக்குரியது என்று தெரியவில்லை.

விருந்தினர் வரும் முன்பே பெற்றோர்கள் வந்து நாற்காலிகளை நிறைத்துவிட்டார்கள். முன்வரிசையில் பட்டுச்சேலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஓர் அம்மாள், மடியில் முறுக்கு டின். பக்கத்தில் அவருடைய மகள். அந்த அம்மாள் கோமதி டீச்சர் என்பதும், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போதைக்கு அவர் சிவசைலத்தைப் பார்த்துக் கையசைத்தார். சிவசைலம் அசையக் கூடாது என்ற கட்டளையை மதித்து அசையாமல் நின்றான்.

"விருந்தினர் வர நேரமாகும் போல. ஒருமுறை சும்மா ஓட்டிப் பாரும்வே" என்றார் துறைத்தலைவர்.

நான் மைக்கைத் தட்டினேன். 'தனிநபர் வருமானம்!' விசில். மாநிலங்கள் தடதடவென்று ஏறின. பஞ்சாப் உச்சியில். கைதட்டல். கோமதி டீச்சரும் தட்டினார். 'எழுத்தறிவு!' விசில். கேரளம் உச்சியில். சிவசைலம் தரையில். கோமதி டீச்சர் தட்டவில்லை. 'சராசரி ஆயுள்!' விசில். மறுபடியும் தடதட. மறுபடியும் சிவசைலம் தரையில். கோமதி டீச்சர் மகளிடம் குனிந்து ஏதோ கேட்டார். மகள் கண்ணைச் சுருக்கி ரிப்பனைப் படித்து ஏதோ சொன்னாள். முறுக்கு டின் மடியிலிருந்து நாற்காலிக்கு மாறியது.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

'குழந்தை இறப்பு!'

விசிலை ஊதுவதற்குள் அவர் எழுந்து என் முன்னால் வந்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம். எல்லாப் பிள்ளையளும் ஏறுது, எறங்குது. எங்க சிவசைலம் மட்டும் ஏன் தரையிலயே நிக்கான்?"

"அது சிவசைலம் இல்லம்மா. அது பீகார்."

"நான் பெத்த பிள்ளை எனக்குத் தெரியாதாய்யா?"

"அப்படி இல்லம்மா. அவன் இப்போ பீகாரா நிக்கான். பீகார் எழுத்தறிவுல கடைசி. அதான்…"

"எழுத்தறிவுல கடைசியா? பத்தாம் வகுப்புல அவன் பள்ளிக்கூடத்துலயே மொதல்ல வந்தவன்."

"அது அவனோட எழுத்தறிவும்மா. இது பீகாரோட எழுத்தறிவு."

"பீகாரு பீகார்ல இருக்கட்டும். அதுக்கு என் பிள்ளை ஏன் பொறுப்பேக்கணும்?"

மைக் திறந்தே இருந்தது. இந்த உரையாடல் முழுவதும் ஒலிபெருக்கி வழியாக வேதியியல் துறை வரை போயிற்று. அங்கே புகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இங்கே வந்துவிட்டார்கள். எங்கள் துறைக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்பும் கூடியதில்லை, பின்பும் கூடியதில்லை.

"நானும் ரேங்க் போடுதவதான் சார்" என்றார் அவர். "வருஷம் பூராவும் போடுதேன். ஆனா கடைசி ரேங்க் எடுத்த பிள்ளையத் தரையில நிறுத்தி, மைக்கு வச்சு, விசிலும் ஊதுனதில்ல. அதுவும் என்ன வார்த்தை சொன்னிய இப்ப? பிள்ளையப் பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு சாவுன்னு…" அவர் குரல் அங்கே ஒரு மாதிரி உடைந்தது. பிறகு அதைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். "ஏலே சிவசைலம், மேல ஏறுலே."

சிவசைலம் என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். எங்கள் இரண்டு பேரில் யாரிடம் விசில் இருக்கிறது என்பது அவனுக்கு முக்கியமாகப் படவில்லை. ஏறினான். உச்சியில் நின்ற செல்வின் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டான். பீகார் கேரளத்துக்குப் பக்கத்தில் போய், மறுபடியும் அசையாமல் நின்றது.

ஒரிசா கை தூக்கினான். "சார், அவன் ஏறுனா நாங்களும் ஏறலாமா?"

நான் 'வேண்டாம்' என்று சொன்னேன். அது ஒரிசாவுக்குக் கேட்டது. உத்தரப் பிரதேசத்துக்குக் கேட்கவில்லை. உத்தரப் பிரதேசம் ஏறியதைப் பார்த்து ராஜஸ்தான் ஏறியது. பிறகு நாடே ஏறியது.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் மேளம் கேட்டது. செக்ரட்டரி அண்ணாச்சி ஜரிகை வேட்டியில், பக்கத்தில் மாலை போட்ட மண்டல மேலாளர். மகாராஷ்டிரம் பழகியபடி கும்பிட முன்னால் வந்து, கூட்டத்தில் இறங்க வழியில்லாமல் மேல்படியிலிருந்தே கும்பிட்டான். மிஸ்ரா அவனைப் பார்க்கவே இல்லை. அவர் பஸ் போர்டு படிப்பதற்காகத் தமிழ் எழுத்துகள் கற்றுக்கொண்டிருந்தாராம். உச்சிப்படியில் இருந்த ரிப்பனை உதடு அசைய எழுத்துக் கூட்டினார்.

"பீ… கா… ர்."

அவர் முகம் மலர்ந்த மாதிரி ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு பிரசவ வார்டுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

"பீகார்! என் ஊர்! ஃபர்ஸ்ட்டா?" என்று என்னிடம் திரும்பினார். "எதில் ஃபர்ஸ்ட்?"

நான் கடைசியாக மைக்கில் அறிவித்தது 'குழந்தை இறப்பு' என்பது என் நினைவுக்கு வந்தது. மராட்டியர் என்று நினைத்த மனிதர், தரையில் நான் நிறுத்தி வைத்த ஊரின் பிள்ளை. கோமதி டீச்சர் ஒரு பக்கம். செக்ரட்டரி ஒரு பக்கம். என் நிரந்தரம் நடுவில் தொங்கியது.

எனக்குப் பின்னாலிருந்து துறைத்தலைவர் வெற்றிலை வாயோடு முழங்கினார்: "எல்லாத்துலயும் சார்!"

மிஸ்ரா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மாலையோடு ஓடி, படியேறி, சிவசைலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் நல்ல தேகக்கட்டு உள்ளவர். ஏற்கெனவே இந்தியா முழுவதும் நின்ற மேல்படி, ஒரு வங்கி மேலாளரையும் எதிர்பார்க்கவில்லை. முதலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு மடார் என்று ஒரு சத்தம். கேரளம், பீகார், மகாராஷ்டிரம், மண்டல மேலாளர் எல்லாரும் ஒரே குவியலாகத் தரைக்கு வந்தார்கள். மேலாளர் பஞ்சாபின் மேல் விழுந்ததால் அவருக்கு ஒன்றுமில்லை. பஞ்சாபைத் தலைத்துண்டு காப்பாற்றியது. செல்வின்தான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "யய்யா… யய்யா" என்று உட்கார்ந்துவிட்டான்.

செக்ரட்டரி அண்ணாச்சி உடைந்த படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொருளாதாரம்னா இதான் சார் சொல்லிக் குடுக்கியளா?" என்றார்.

அவர் இன்னும் ஏதாவது சொல்வதற்குள் மிஸ்ரா எழுந்து, செல்வினை அணைத்துப் பிடித்துத் தன் காருக்கு நடத்திக்கொண்டு போனார். கோமதி டீச்சர் பின்னாலேயே ஓடி, காரில் ஏறி, பையனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். சிவசைலம் முன்சீட்டில் ஏறினான், மார்பில் பீகாரோடு. எனக்கு இடமில்லை. நான் டவுன் பஸ் பிடித்துப் போனேன். (கிராமத்துக்கெல்லாம் பஸ் போகிற மாநிலம் என்று மைக்கில் சொல்ல வேண்டியவன், அன்றைக்குப் பார்த்து வெகுநேரம் பஸ் வராமல் வெயிலில் நின்றேன்.)

ஆஸ்பத்திரி வராந்தாவில் மிஸ்ரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். காரில் வரும்போதே கோமதி டீச்சர் பள்ளிக்கூட இங்கிலீஷில் விஷயத்தை விளக்கிவிட்டார் என்று தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார், உடைந்த தமிழில். "பீகார் கடைசி. எங்க வீட்டிலே எல்லாருக்கும் தெரியும். பேப்பர்லே வருது, டிவியிலே வருது. எங்க போனாலும் ஆள் சொல்றாங்க." பெஞ்சில் இருந்த மாலையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "இன்னிக்கு ஒரு நிமிஷம்… மேலே இருந்துது. அதனாலே எதிலேன்னு ரெண்டாவது தடவை கேக்கலே."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் அட்டவணையில் இருந்த எதுவும் தப்பில்லை. இரண்டு பேரும் சோர்ந்துபோய், செல்வினுக்கு மாவுக்கட்டு போடுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே கோமதி டீச்சர் கேரளத்துக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் செக்ரட்டரி அழைத்தார். கோமதி டீச்சர் மகனை வேறு கல்லூரியில் சேர்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சுக்கு அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மதிப்பு அதிகம். அவரைப் பார்த்துப் பத்துப் பெற்றோர் கிளம்பினால் கல்லூரிக்குக் கெட்ட பெயர். "நீரே போயி அந்தம்மாவச் சமாதானம் பண்ணும்" என்றார். அண்ணாச்சி என்னை 'சார்' என்பதிலிருந்து 'நீரு' என்பதற்கு இறக்கியிருந்தார். என் தரவரிசை அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். கோமதி டீச்சர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் குறியீடு, சராசரி, ஒப்பீடு என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். வெயில்ல வந்திருக்கிய. காப்பியக் குடிங்க. அவன் அங்கனயே படிக்கட்டும். நான் கோவத்துல சொன்னேன்."

அவ்வளவுதான். நான் ராத்திரி பகலாக யோசித்து வைத்திருந்த சமாதானத்தில் ஒரு வாக்கியம் கூடச் செலவாகவில்லை.

பஸ் நிறுத்தம் வரை அவருடைய மகள் கல்யாணி வழி காட்ட வந்தாள். அம்பாசமுத்திரம் தபாலாபீசில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகும் வழியும் அதுதான். பாதி தூரத்தில், வயல் வரப்பு முடிகிற இடத்தில் சொன்னாள்:

"அம்மா அன்னைக்கு அப்படிக் கத்துனது தம்பியத் தரையில நிறுத்துனதுக்காக மட்டும் இல்ல. எனக்கும் தம்பிக்கும் நடுவுல ஒரு பிள்ளை இருந்துச்சு. தங்கல. அந்த வார்த்தைய மைக்குல கேட்டதும் அம்மாவால முடியல. உங்களுக்குத் தெரியாதுல்லா."

"தெரியாது" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பிய?"

"பஸ் சுற்ற முதல்ல வச்சிருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை, களைப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் களைப்பு கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

என் நிரந்தரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு வர வேண்டாம் என்று துறைத்தலைவர் பைய எடுத்துச் சொன்னார். நான் அரசுத் தேர்வு எழுதி, புள்ளிவிவரம் சேகரிக்கிற ஓர் அலுவலகத்தில் போய் விழுந்தேன். பணி ஓயும் வரை அங்கே செய்ததும் அதே வேலைதான். இந்த மாவட்டம் மேலே, அந்த மாவட்டம் கீழே, நம் மாநிலம் எங்கே. ஆண்டுதோறும் அறிக்கை அச்சாகும். ஆண்டுதோறும் யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எங்களை ஏன் கீழே போட்டீர்கள் என்பார். விசில் மட்டும் கிடையாது.

கல்லூரி வேலை போய் அரசு வேலை கிடைப்பதற்குள் எனக்கு ஸ்டாம்பு வாங்குகிற பழக்கம் ஏற்பட்டிருந்தது. பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு, ஸ்டாம்பு வாங்க அம்பாசமுத்திரம் வரை பஸ்ஸில் போவேன். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை என்பது வீட்டுக்கே புரிய ஆரம்பித்தபோது, பெரியவர்கள் பேச வேண்டியதாயிற்று.

கோமதி டீச்சர் அப்போது மகளுக்கு வேறு சில இடங்களும் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை அல்லவா, முறையாக ஒப்பிட்டார். படிப்பு, வேலை, குடும்பம், வயல், உயரம், பல்வரிசை வரைக்கும். ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவருக்குக் கல்லிடைக்குறிச்சியில் ரெண்டு போகம் விளைகிற நஞ்சை இருந்தது. நான் எதில் முன்னால் வந்தேன் என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. கல்யாணிதான் ஒருநாள் ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "அம்மா போட்ட வரிசையில நீங்கதான் தரையில நிக்கிய" என்றாள்.

"அப்புறம்?"

"நான் கூப்பிட்டு மேல ஏத்திட்டேன்."

கல்யாணம் ஆனது. அன்றிலிருந்து என் மாமியார் வீட்டுக்கு எங்கள் குடும்பத்தில் பீகார் என்றுதான் பெயர். தீபாவளிக்கு எங்கே என்றால் பீகாருக்கு. முறுக்கு எங்கிருந்து வந்தது என்றால் பீகாரிலிருந்து. கோபம் வந்தால் கல்யாணி பெட்டியை எடுத்து, "நான் பீகாருக்குப் போறேன்" என்பாள். கோமதி டீச்சரே போனில், "பீகார்லருந்து பேசுதேன், மாப்பிள்ளை இருக்காரா?" என்று ஆரம்பிப்பார்.

எங்கள் மகள் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் வருஷம் அம்மாவுக்கு எந்த ஊர் என்று வகுப்பாசிரியை கேட்டிருக்கிறார். அவள் சொல்லிவிட்டாள். அந்த வருஷப் பெற்றோர் கூட்டத்துக்கு நாங்கள் போனபோது அந்த ஆசிரியை கல்யாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். "உங்க… பொண்ணு… நல்லா… படிக்கா." கல்யாணி, "ரொம்பச் சந்தோஷம் டீச்சர், வீட்டுல சேட்டைதான் தாங்க முடியல" என்றாள்.

ஆசிரியை அசந்துபோனார். "அடடா! எவ்வளவு நல்லாத் தமிழ் பேசுதிய! அதுவும் நம்ம திருநெல்வேலித் தமிழு!"

நான் விளக்க வாயைத் திறந்தேன். கல்யாணி என் காலை மிதித்தாள்.

"கல்யாணமாகி வந்து படிச்சுக்கிட்டது டீச்சர்" என்றாள். "இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."